யானை புகும் வயல் எது?
வரித்தண்டலும் நடுவுநிலைமையும்

வரியைப் பற்றிப் பேசப் புகும் தமிழர் எவரும் பிசிராந்தையாரை மறந்து பேசுதல் அரிது. பாண்டியன் அறிவுடை நம்பிக்கு அப்புலவர் கூறிய அறிவுரை புறநானூற்றில் 184ஆம் பாடலாக அமைந்துள்ளது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால் சிறு நிலத்தின் விளைச்சலே யானைக்குப் பல நாள் உணவாகும். யானை தானே வயலில் இறங்கிவிட்டால் நூறு வயல்கள் இருந்தும் பயனில்லை, அது தின்பதைவிட மிதித்து அழிப்பதே மிகுதி என்பது அப்பாடலின் கருத்து. வள்ளுவப் பெருந்தகையோ, கோலேந்தி நின்று குடிகளிடம் பொருள் கேட்கும் கொடிய மன்னனை, வேலேந்தி வழிமறிக்கும் கள்வனோடு ஒப்பிட்டுக் காட்டினார்.

எவ்வளவு கொள்வது, எவ்வாறு கொள்வது என்பனவே இவ்விரு சான்றோர்தம் கவலைகள். மன்னராட்சிக் காலத்துக்கு அவை போதுமானவை. தேர்தலும் கட்சிகளும் மாறி மாறி வரும் ஆட்சிகளும் உள்ள இக்காலத்திலோ மூன்றாவது கேள்வி ஒன்றும் எழுகின்றது. யானையை யாருடைய வயலை நோக்கி ஓட்டுகிறார்கள் என்பதே அக்கேள்வி. ஊரில் நூறு வயல்கள் இருக்க, தன் தலைவனுக்கு ஆகாதவன் வயலை மட்டும் பாகன் யானைக்குக் காட்டுவானாயின், அங்கு நிகழ்வதை வரித்தண்டல் என்று எங்ஙனம் கூறுவது? வரிவிகிதம் நேரியதாய் இருக்கலாம்; சட்டமும் பழுதற்றதாய் இருக்கலாம்; வயலுக்கு உடையவன் சிறிது வரி பாக்கி வைத்தவனாகவும் இருக்கலாம். ஆயினும் தேர்ந்தெடுத்த முறை வஞ்சமாயின் செயலும் வஞ்சமே ஆகும்.

வரித்துறையின் நேர்மையை அளக்க, அது பிடித்தவர்கள் குற்றவாளிகளா என்று மட்டும் கேட்டால் போதாது. அவர்களை ஏன் தேர்ந்தெடுத்தார்கள், அத்தேர்வுக்கு யார் விடை சொல்லக் கடமைப்பட்டவர் என்பதையும் கேட்க வேண்டும். இக்கட்டுரை சொல்ல விழைவது இது ஒன்றே.

இத்துறைக்கு மட்டும் ஏன் இவ்வளவு எச்சரிக்கை?

காவல்துறையும் தவறு செய்யக்கூடும். வருவாய்த்துறையும் தவறு செய்யக்கூடும். வரித்துறையை மட்டும் தனித்து நோக்குவானேன் என்று சிலர் வினவலாம். அதற்குக் காரணங்கள் உள.

கொலைக் குற்றம் சாட்ட வேண்டுமாயின் முதலில் ஒரு கொலை நடந்திருக்க வேண்டும். வரிக் குற்றம் சாட்ட அவ்வாறு எதுவும் நடந்திருக்க வேண்டுவதில்லை. ஒரு மனிதனும் அவனது கணக்குப் புத்தகமும் இருந்தால் போதும். வரிச் சட்டங்கள் எங்கும் ஆயிரக்கணக்கான விதிகளாய்க் கிளைத்து நிற்பவை. எது வருமானம், எது நன்கொடை, எது செலவு என்பதில் கற்றறிந்த தணிக்கையாளர்களே கருத்து வேறுபடுவர். ஆதலின் எவர் கணக்கையும் மாதக்கணக்கில் துருவினால் ஏதேனும் ஒரு குறை கிடைத்தே தீரும்.

நடவடிக்கையே தண்டனையாகி விடுவது இரண்டாவது காரணம். விடியற்காலையில் வீட்டு வாயிலில் வண்டிகள் வந்து நிற்கின்றன. உள்ளே இருப்பவர் வெளியே செல்லக் கூடாது. தொலைபேசியைத் தொடக் கூடாது. மாலைக்குள் ஊரெங்கும் செய்தி பரவிவிடுகிறது. சரக்குக் கொடுத்தவர்கள் பணம் கேட்டு வருகிறார்கள், வங்கி தயங்குகிறது, பேசி முடித்த திருமணம் தள்ளிப்போகிறது. சோதனை நடந்த செய்தி நாளேட்டின் முதல் பக்கத்தில் வரும். சில ஆண்டுகள் கழித்துக் குற்றமில்லை என்று தீர்ப்பு வருமாயின் அதற்கு உள்பக்கத்தின் மூலையிலும் இடம் கிடைப்பதில்லை.

இவ்வதிகாரம் தேவையற்றது என்பது நம் வாதமன்று. சிகாகோ நகரையே ஆட்டிப் படைத்த அல் கபோனைக் கொலை வழக்கு எதுவும் சிறைக்கு அனுப்பவில்லை. 1931ஆம் ஆண்டில் வருமான வரி ஏய்ப்பு வழக்கே அவனுக்குப் பதினோராண்டுச் சிறைத்தண்டனை பெற்றுத் தந்தது. பெரும் பணத்துக்கும் பெரும் செல்வாக்குக்கும் அஞ்சாத வரித்துறை ஏழைக் குடிமகனுக்குக் கிடைத்த காவலன். ஆனால் அதே கருவி நல்லவர்மீதும் பாயக்கூடும் என்பதற்கு அதே அமெரிக்க நாட்டின் வரலாறே சான்று கூறுகிறது. அந்நாட்டை இங்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. இத்துறையில் அது இழைத்த தவறுகளும் அவற்றுக்குத் தேடிய பரிகாரங்களும் ஏறத்தாழ முழுமையாக எழுத்தில் பதிவாகியுள்ளன.

ஒரு போதகரின் நாட்குறிப்பு

அலபாமா மாநிலத்தின் மாண்ட்கமரி நகரில் 1955, 1956ஆம் ஆண்டுகளில் கறுப்பின மக்கள் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பு உலகப் புகழ் பெற்றது. அதன் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் 1960ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகருக்குக் குடிபெயர்ந்தார். அவ்வாண்டு பிப்ரவரித் திங்களில் அலபாமா அரசின் ஆணைப்படி அவர் கைது செய்யப்பட்டார். 1956, 1958ஆம் ஆண்டுகளுக்குரிய மாநில வருமான வரிக் கணக்குகளில் பொய்யான உறுதிமொழி அளித்தார் என்பது குற்றச்சாட்டு. இயக்கப் பணிகளுக்காக அவர் பெற்ற பயணச் செலவுத் தொகைகளை அவரது சொந்த வருமானமாக அரசு கணக்கிட்டது. அம்மாநிலத்தில் வரிக் கணக்குக்காக இத்தகைய கடுங்குற்றம் சாட்டப்பெற்ற முதல் மனிதர் அவரே.

சிறைக்கு அஞ்சாத கிங், இவ்வழக்கால் பெரிதும் மனம் கலங்கினார். காரணம் வெளிப்படை. சட்டமறுப்புக்காகச் சிறை செல்லும் தலைவனை மக்கள் கொண்டாடுவர். இயக்கப் பணத்தைக் கையாடினான் என்ற பழி வந்துவிட்டால் அம்மக்களே முகம் திருப்பிக்கொள்வர். உடலைச் சிறையில் அடைப்பதினும் பெயரைக் கறைப்படுத்துவது எளிது. அதன் பயனும் பெரிது என்பதை எதிரிகள் அறிந்திருந்தனர்.

1960 மே மாத இறுதியில் மாண்ட்கமரியில் விசாரணை நடந்தது. ஜூரியாக அமர்ந்த பன்னிருவரும் வெள்ளையர். தண்டனை உறுதி என்றே பலரும் எண்ணினர். ஆனால் தம் பயணங்களையும் செலவுகளையும் அன்றன்று நாட்குறிப்பில் எழுதிவைக்கும் வழக்கம் கிங்குக்கு இருந்தது. அவருடைய வழக்கறிஞர்கள் அக்குறிப்புகளைக் கொண்டு ஒவ்வொரு தொகைக்கும் கணக்குக் காட்டினர். அரசுத் தரப்பின் முதன்மைச் சாட்சியான வரி அதிகாரியோ, கணக்கில் மோசடி எதுவும் இருந்ததாகத் தமக்குப் புலப்படவில்லை என்று குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார். மே 28ஆம் நாள், பன்னிரு வெள்ளையர் கொண்ட அந்த ஜூரி கிங்கைக் குற்றமற்றவர் என்று தீர்ப்பளித்தது.

இவ்வழக்குச் செலவுக்காக நிதி திரட்ட 1960 மார்ச் 29ஆம் நாள் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளேட்டில் அவருடைய ஆதரவாளர்கள் ஒரு முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டனர். அதில் சில விவரங்கள் தவறாக இருந்தன என்று மாண்ட்கமரி நகர ஆணையர் சல்லிவன் மானநட்ட வழக்குத் தொடுக்க, அலபாமா நீதிமன்றம் அவருக்கு 5 லட்சம் டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது. 1964ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. அரசு அலுவலரின் பொதுச் செயல்களைக் குறை கூறும் உரிமைக்கு அத்தீர்ப்பு அந்நாட்டில் இன்றளவும் அரணாக நிற்கிறது. ஒரு தலைவரை வாயடைக்கத் தொடுத்த வரி வழக்கு, இறுதியில் பத்திரிகைகளின் வாயைத் திறந்துவிட்டது. ஆயினும் எல்லோருக்கும் கிங்குக்குக் கிடைத்த வழக்கறிஞர்கள் கிடைப்பதில்லை. எல்லோரிடமும் நாட்குறிப்பும் இருப்பதில்லை.

இரும்புப் பெட்டியில் ஒரு பட்டியல்

கிங் வழக்கு ஒரு மாநிலத்தின் செயல். நடுவண் அரசின் தலைமை அலுவலகத்திலேயே இந்நோய் புகுந்த கதை அடுத்து வருகிறது.

இதில் எக்கட்சியும் தூய்மை பேச இடமில்லை. ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட் ஆட்சியில், முந்தைய ஆட்சிகளின் நிதியமைச்சர் ஆண்ட்ரு மெல்லன்மீது வரி வழக்குத் தொடுக்க முயன்றபோது, 1934இல் ஜூரியினர் குற்றம் சாட்டவே மறுத்துவிட்டனர். பின்னர்த் தொடர்ந்த உரிமை வழக்கில், அவர் மோசடி செய்யவில்லை என்ற முடிவு அவர் இறந்த பிறகே வந்தது. கென்னடி காலத்தில் வலதுசாரி அமைப்புகளைக் குறிவைத்துத் தனித் தணிக்கைத் திட்டமே வகுக்கப்பட்டது. குடியரசுக் கட்சியின் நிக்சன் பதவிக்கு வந்த 1969ஆம் ஆண்டில், வரித்துறைக்குள் சிறப்புப் பணிக்குழு ஒன்று அமைந்தது. போர் எதிர்ப்பாளர்கள், உரிமை இயக்கத்தினர் என 11,000க்கும் மேற்பட்ட மனிதர்கள், அமைப்புகள் பற்றி அக்குழு கோப்புகளைத் திரட்டியது. அவர்கள் வரி ஏய்த்தனர் என்ற ஐயம் இதற்கு அடிப்படையன்று. அவர்களுடைய கருத்துகளே அடிப்படை.

1972 செப்டம்பரில், தேர்தலுக்கு இரு திங்கள் முன்பு, வெள்ளை மாளிகையின் சட்ட ஆலோசகர் ஜான் டீன், வரித்துறை ஆணையர் ஜானி வால்டர்ஸ் என்பவரை அழைத்து ஒரு பட்டியலைக் கொடுத்தார். அதில் எதிர்க்கட்சி வேட்பாளர் மெக்கவர்னின் பணியாளர்கள், நன்கொடையாளர்கள் என ஏறத்தாழ 490 பெயர்கள் இருந்தன. இவர்களை விசாரிக்க வேண்டும் என்பது கோரிக்கை. வால்டர்ஸ் நிக்சனால் நியமிக்கப்பட்டவர். அவருக்கு முன்பு அப்பதவியில் இருந்து இத்தகைய நெருக்குதல்களுக்கு இணங்காத ராண்டால்ஃப் த்ரோவர் 1971ஆம் ஆண்டில் பதவியிழந்ததையும் அறிந்தவர். அவர் பட்டியலை நிதியமைச்சர் ஜார்ஜ் ஷுல்ட்ஸ் என்பவரிடம் எடுத்துச் சென்றார். எதுவும் செய்ய வேண்டாம் என்பதே இருவரின் முடிவு. வால்டர்ஸ் பட்டியலை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பின்னர் அதை நாடாளுமன்றக் குழுவிடம் ஒப்படைத்தார்.

ஒரு மேசையின் பின்னே அமர்ந்திருந்த ஒரு மனிதர், கையெழுத்திட மறுத்ததால் 490 குடும்பங்கள் காப்பாற்றப்பட்டன. வீரம் என்றால் போர்க்களம் என்றே நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். கோப்பைக் கீழே வைத்துவிட்டு, ‘இது என்னால் ஆகாது’ என்று மேலிடத்துக்குச் சொல்வதும் வீரமே.

1974 ஜூலையில் பிரதிநிதிகள் சபையின் நீதிக்குழு நிக்சன்மீது ஏற்றுக்கொண்ட இரண்டாவது குற்றச்சாட்டில், வரித்துறையைக் குடிமக்களுக்கு எதிராகப் பயன்படுத்த முயன்றமை முதலாவதாக இடம்பெற்றது. அடுத்த மாதம் அவர் பதவி விலகினார். 1976ஆம் ஆண்டுச் சட்டம் குடிமக்களின் வரிக் கணக்குகளை மறைபொருளாக்கிற்று. 1998ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் ஒரு படி சென்றது. குடியரசுத் தலைவரோ, துணைத் தலைவரோ, அவர்தம் அலுவலர்களோ, குறிப்பிட்ட ஒருவரைத் தணிக்கை செய் என்று நேராகவோ சுற்றிவளைத்தோ கேட்பது ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றமாயிற்று. அவ்வாறு கேட்கப்பெற்ற வரி அலுவலர் அதனை மறைக்காமல் தெரிவிக்க வேண்டும் என்றும் விதித்தனர். தெரிவிப்பதற்கென வரித்துறைக்குக் கட்டுப்படாத தலைமை ஆய்வாளர் பதவியையும் உருவாக்கினர்.

ஆணையிடாமலே நேர்ந்த அநீதி

இத்தனை காப்புகளுக்குப் பிறகும் குறை நேர்ந்தது என்பதே இவ்வரலாற்றின் மிக ஆழ்ந்த பாடம்.

ஒபாமா ஆட்சிக் காலத்தில் 2010ஆம் ஆண்டு முதல், வரிவிலக்குக் கேட்டு விண்ணப்பித்த அமைப்புகளுள் ‘டீ பார்ட்டி’, ‘பேட்ரியட்ஸ்’ போன்ற சொற்களைப் பெயரில் கொண்டவற்றை வரித்துறை தனியே பிரித்து வைத்தது. இவை பெரும்பாலும் ஆட்சியை எதிர்த்த பழைமைவாதக் குழுக்கள். 2013 மே மாதத்தில் வெளிவந்த தலைமை ஆய்வாளர் அறிக்கை, ஆராயப்பட்ட 296 விண்ணப்பங்களில் 160 விண்ணப்பங்கள் முடிவின்றிக் கிடந்தன என்று கூறியது. அவற்றுள் சில மூன்றாண்டுகளையும் கடந்தவை. எவரையும் ‘இல்லை’ என்று மறுக்கவில்லை. ‘ஆம்’ என்றும் சொல்லவில்லை. ஒரு தேர்தல் வந்து போய்விட்டது. விண்ணப்பம் மட்டும் அங்கேயே கிடந்தது. தாமதம் என்பது எவ்வளவு ஓசையற்ற ஆயுதம் என்பதை, அரசு அலுவலகப் படிகளில் ஏறி இறங்கிய நம்மவர்க்கு விளக்கவும் வேண்டுமோ?

வெள்ளை மாளிகை இட்ட கட்டளைக்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. அலட்சியமும் தவறான நிருவாகமும் இருந்தன, குற்றவழக்குத் தொடுக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று நீதித்துறை 2015ஆம் ஆண்டில் விசாரணையை முடித்தது. ‘புரோகிரசிவ்’, ‘ஆக்குபை’ போன்ற சொற்களைக் கொண்டும் இடதுசாரி அமைப்புகள் பிரிக்கப்பட்டன என்று 2017இல் மற்றோர் அறிக்கை தெரிவித்தது. அவ்வாண்டிலேயே, பாதிக்கப்பட்ட பழைமைவாத அமைப்புகளிடம் அரசு நீதிமன்றத்தின் வாயிலாக வருத்தம் தெரிவித்தது. சில வழக்குகளில் இழப்பீடும் வழங்கியது.

ஆணை இல்லாமலும் சார்பு பிறக்கும் என்பது இதனால் தெளிவாகிறது. மேலிடத்தின் முகக்குறிப்பு, நாளேடுகளின் இரைச்சல், வேலைப் பளுவைக் குறைக்க ஒரு குறுக்குவழி ஆகியவை போதும். பெயரைப் பார்த்துப் பிரிக்கும் பழக்கம் வந்துவிடுகிறது. பெயரைப் பார்த்து மனிதரைப் பிரிப்பதன் கொடுமையை நாம் அறியாதவர் அல்லர்.

சட்டம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு 2025ஆம் ஆண்டும் ஒரு சான்று தந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வரிவிலக்கைப் பறிக்கப் போவதாகக் குடியரசுத் தலைவர் டிரம்ப் அவ்வாண்டு மே மாதத்தில் வெளிப்படையாகவே அறிவித்தார். முன்பு மூடிய அறைக்குள் பட்டியலாகக் கைமாறியது, இப்போது உலகறிய உரைக்கப்பட்டது. கல்வி நிறுவனங்களின் வளாகத்தில் அமர்ந்து இதை வாசிப்போர் ஒரு கணம் நின்று எண்ணிப் பார்க்கத் தக்கது இது.

பழைய நூல் ஒன்று

அதிகாரிக்கு மேல் ஓர் ஆய்வாளர் வேண்டும் என்பது மேலைநாட்டார் நேற்றுக் கண்ட புதுமையன்று. கி.பி. எட்டாம் நூற்றாண்டில் பக்தாதின் தலைமை நீதிபதியாக விளங்கிய இமாம் அபூ யூசுஃப், கலீஃபா ஹாரூன் அல் ரஷீதின் வேண்டுகோளை ஏற்று வரியைப் பற்றியே ‘கிதாபுல் கராஜ்’ என்னும் நூலை யாத்தார். வரி தண்டுவோர் குடிகளை அடித்தும் வெயிலில் நிறுத்தியும் துன்புறுத்துவதை அந்நூல் கண்டிக்கிறது. நேர்மையாளரை அனுப்பி, தண்டலாளர்களின் நடத்தையைக் குடிகளிடமே விசாரித்தறிய வேண்டும் என்றும், முறையீடுகளைக் கேட்க ஆட்சியாளரே நேரில் அமர வேண்டும் என்றும் அது வலியுறுத்துகிறது. வரி கேட்பவனும் கேள்விக்கு உட்பட்டவன் என்னும் கொள்கைக்கு வயது ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கும் மேல்.

நம் நாட்டு நிலை

இனி நம் வீட்டை நோக்குவோம். சோதனையிடும் அதிகாரத்தை 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 132ஆம் பிரிவு வழங்கியது. ‘நம்புவதற்குரிய காரணம்’ அதிகாரிக்கு இருக்க வேண்டும் என்பதே அதில் குடிமகனுக்கு இருந்த முதன்மையான காப்பு. சோதனை முறைகேடாக நடந்திருந்தாலும் அதில் கிடைத்த ஆவணங்களைச் சான்றாகக் கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 1974ஆம் ஆண்டில் பூரண்மல் வழக்கில் தீர்ப்பளித்தது. எனவே அந்தக் ‘காரணம்’ என்னும் ஒரு சொல்லே குடிமகனின் கடைசி வேலி.

2017ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அவ்வேலியின்மீது திரையிட்டது. அதிகாரி பதிவுசெய்த காரணத்தை எவருக்கும், எந்த அதிகார அமைப்புக்கும், வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கும்கூட வெளியிட வேண்டியதில்லை என்றாயிற்று. அதுவும் 1962ஆம் ஆண்டு முதலே அவ்வாறு இருந்ததாகக் கொள்ளப்பட்டது. 2025இல் இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டமும் இம்மறைப்பைக் கைவிடவில்லை. உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் கோப்பை வரவழைத்துப் பார்க்கலாம். ஆனால் சிறு நகரத்து வணிகர் எத்தனை பேர் அப்படிகளில் ஏற வல்லார்?

குடிமக்களின் வரிக் குறைகளைக் கேட்க இருந்த குறைதீர் ஆணையர் பதவியும் 2019ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டில் முகமறியா மதிப்பீட்டு முறை வந்தது. அதிகாரிக்குக் குடிமகன் முகம் தெரியாது, குடிமகனுக்கு அதிகாரி முகம் தெரியாது என்னும் அம்முறை போற்றத் தக்கதே. ஆனால் சார்பு நுழைய மிகுந்த வாய்ப்புள்ள சோதனை வழக்குகள் அதன் எல்லைக்கு வெளியே வைக்கப்பட்டன.

இதன் விளைவு யாது? 2024ஆம் ஆண்டு பொதுத் தேர்தலுக்கு முன்பு, தன் வங்கிக் கணக்குகள் வரித்துறையால் முடக்கப்பட்டன என்று காங்கிரஸ் கட்சி முறையிட்டது. சட்டப்படியான பாக்கி வசூலே அது என்றது அரசுத் தரப்பு. தீர்ப்பாயமும் தில்லி உயர் நீதிமன்றமும் வசூலைத் தடுக்க மறுத்தன. ஏறத்தாழ 3,500 கோடி ரூபாய்க் கோரிக்கையின்மீது தேர்தல் முடியும் வரை கட்டாய நடவடிக்கை எடுப்பதில்லை என்று ஏப்ரல் முதல் நாள் அரசே உச்ச நீதிமன்றத்தில் உறுதி கூறியது. பாக்கி உண்மையா, காலம் தேர்ந்தெடுக்கப்பட்டதா? இரண்டும் ஒருங்கே உண்மையாக இருத்தல் கூடும். இதனைப் பக்கச் சார்பற்று ஆராய்ந்து சொல்ல நம்மிடம் தனியானதோர் அமைப்பு இல்லை. ஆதலால் ஒருசாரார் பழிவாங்கல் என்கின்றனர். மறுசாரார் கடமை என்கின்றனர். மக்கள் தத்தம் கட்சிக்கேற்ப நம்புகின்றனர்.

ஆட்சி மாறும்போது இக்குற்றச்சாட்டும் நாற்காலி மாறி அமர்கிறது. நேற்றுச் சோதனை நடத்தியவர் இன்று சோதனையைக் கண்டிக்கிறார். நேற்றுக் கண்டித்தவர் இன்று நடத்துகிறார். இவ்வூசலாட்டத்தில் நேர்மையான வரி அதிகாரியின் பெயரும் சேர்ந்து கெடுகிறது. அவர் தம் கடமையைச் செய்து உண்மைக் குற்றவாளியைப் பிடித்தாலும், ‘எல்லாம் அரசியல்’ என்று அவன் எளிதில் தப்பிக்கொள்கிறான். பொறுப்புடைமை இல்லாத துறையால் முதலில் நன்மை அடைபவன் வரி ஏய்ப்பவனே என்பதை ஆள்வோர் உணர வேண்டும்.

செய்யத்தக்கவை

‘தவறு செய்யாதவன் ஏன் அஞ்ச வேண்டும்?’ என்பது வழக்கமான மறுமொழி. தவறு செய்யாத கிங் அஞ்சினார். தவறு செய்யாதவன் என்று அறிவிக்கப்படும் முன் மெல்லன் இறந்துபோனார். ஆகவே இம்மறுமொழி போதாது.

சோதனைக்கான காரணம், குறிப்பிட்ட காலம் கழிந்த பின்னரேனும் சோதனைக்கு உள்ளானவர்க்கும் தீர்ப்பாயத்துக்கும் தரப்பட வேண்டும். புலனாய்வு கெடும் என்ற அச்சத்துக்குக் காலவரம்பே விடையாகும். அமைச்சரோ அவர் அலுவலகமோ ஒருவர் பெயரைச் சொல்லி நடவடிக்கை கேட்பது குற்றமாக்கப்பட வேண்டும். வரித்துறைக்கும் நிதியமைச்சகத்துக்கும் கட்டுப்படாத ஓர் ஆய்வாளர், சோதனைகள் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டன, எத்தனை நிலைத்தன, எத்தனை சிதைந்தன என்று ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும். இணங்க மறுக்கும் அதிகாரிக்கு இடமாற்றம் பரிசாகக் கிடைக்காமல் சட்டம் காக்க வேண்டும்.

அரசைக் கேட்பதோடு நம் கடமை முடிவதில்லை. அறக்கட்டளைகளையும் கல்வி நிலையங்களையும் பள்ளிவாசல் நிருவாகங்களையும் பொறுப்பேற்று நடத்தும் பெரியோர்கள் கிங்கின் நாட்குறிப்பை நினைவிற்கொள்ள வேண்டும். பொதுப்பணத்தில் ஒரு ரூபாய்க்கும் அன்றன்றே எழுதப்பட்ட கணக்கு இருக்குமாயின் அதுவே உறுதியான கேடயம். நம்பிக்கையின்பேரில் நடக்கிறது என்று கணக்கை வாய்ச்சொல்லாக வைத்திருப்பது, வயலின் வேலியை நாமே பிரித்துப் போடுவதாகும்.

மாணவச் செல்வங்களுக்கும் ஒரு சொல். உங்களுள் சிலர் நாளை அதே துறையின் நாற்காலிகளில் அமர்வீர்கள். என்றேனும் ஒருநாள் உங்கள் மேசைக்கும் ஒரு பட்டியல் வரக்கூடும். அதில் உங்களுக்குப் பிடிக்காதவர்கள் பெயர்களே இருக்கவும் கூடும். அன்று வால்டர்ஸின் இரும்புப் பெட்டி உங்கள் நினைவுக்கு வருமாக.

நம் அனைவருக்கும் உரிய கடமை ஒன்று உண்டு; அதுவே கடினமானது. நமக்கு ஆகாதவன் வயலில் யானை புகும்போது கைதட்டாதிருத்தலே அது. அவன் நெல் மிதிபடும் ஓசை நம் செவிக்கு இனிமையாக இருக்கலாம். ஆனால் யானைக்கு வரப்புத் தெரியாது. பாகன் மாறுவான், யானை அதே யானை. அடுத்த வயல் யாருடையது என்பதை அன்று அவன் முடிவு செய்வான். பகைவன் வயலுக்கும் நீதி கேட்கும் நெஞ்சையே நம் முன்னோர் நடுவுநிலைமை என்றனர்.